தோட்டத்துச் சிட்டுக்குருவியை நெருக்கமாகப் படமெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிட்டுக்குருவியின் மொத்த நீளமே 15 செ.மீ.தான். ஆறேழு மீட்டர் தள்ளி வேலியில் உட்கார்ந்திருக்கும்போது அதன் தொண்டைக் கறுப்பு வரைக்கும் நம் கண்ணுக்குத் தெரியும். படத்தைத் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, இதைவிட நீளமான லென்ஸ் வேண்டும் என்பது. அடுத்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு குருவியின் பின்னாலேயே நடப்பது. இரண்டுமே வரிசை தப்பிய வேலை.

நெருக்கமான படத்துக்கான வேலை முக்கால்வாசி கேமராவைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். குருவி எங்கே வந்து உட்காரும், அப்போது வெயில் எந்தப் பக்கம், அதன் பின்னால் என்ன தெரியும், நீங்கள் எங்கே இருப்பீர்கள். இந்த நான்கும் முடிவான பிறகுதான் லென்ஸ் மூடியைக் கழற்ற வேண்டும். படிகளை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

சிட்டுக்குருவியை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் அது இருக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு வேறு எந்தச் சின்னப் பறவை வந்தாலும் முறை இதேதான். தூரமும் தீனியும் மட்டும் மாறும்.

1. முதலில் தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

400 மி.மீ. லென்ஸை வைத்துக்கொள்வோம். குருவி 3 மீட்டரில் பக்கவாட்டில் உட்கார்ந்தால், சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லில்) அதன் பிம்பம் சுமார் 23 மி.மீ. நீளம் விழும். ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவில் இது படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரில் அலகு முதல் வால் வரை படம் முழுக்க நிறைந்துவிடும். அதே குருவி 6 மீட்டரில் இருந்தால் 11 மி.மீ.; 10 மீட்டரில் வெறும் 6 மி.மீ.

ஆக, 10 மீட்டரில் எடுத்துக்கொண்டிருப்பவர் 3 மீட்டருக்கு வந்தால் பறவை ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிதாகிறது. இந்த லாபத்தை எந்த லென்ஸ் மாற்றமும் தராது. 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் துணை லென்ஸ்) போட்டால் பறவை 1.4 மடங்கு பெரிதாகும், பதிலுக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும், அதாவது வெளிச்சம் பாதியாகும். 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப். நெருங்கிப் போவதற்கு அப்படி ஒரு விலையும் இல்லை. உங்களிடம் 300 மி.மீ. லென்ஸ்தான் இருக்கிறது என்றால், தூரத்தை இரண்டேகால் மீட்டருக்குக் குறைத்தால் போதும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு லென்ஸுக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்று ஒன்று இருக்கிறது. அதைவிட அருகில் வந்தால் ஃபோகஸ் ஆகவே ஆகாது. 150-600 மி.மீ. வகை ஜூம்களில் இது பொதுவாக 2.2 முதல் 2.8 மீட்டர் வரை இருக்கும். குருவி வந்து உட்காருவதற்காக நான் முதன்முதலில் ஒரு கிளை நட்டபோது இதைப் பார்க்கவே இல்லை. 2 மீட்டரில் குருவி ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி முனகிக்கொண்டே இருக்கிறது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். லென்ஸின் உடம்பிலேயோ அதன் கையேட்டிலோ அந்த எண் இருக்கும். அதைப் பார்த்து, கூட அரை மீட்டர் சேர்த்து, உங்கள் கிளையின் தூரத்தை முடிவு செய்யுங்கள். பறவை கிளையை விட்டு உங்கள் பக்கம் குதிக்கவும் செய்யும், அதற்குத்தான் அந்த அரை மீட்டர்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

கேமரா, 300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், ஒரு முக்காலி அல்லது பயறு நிரப்பிய துணிப்பை. நெடுநேரம் உட்காரும் வேலை என்பதால் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் இருபது நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். சரியாகக் குருவி வரும் நேரத்தில் கேமரா மடியில் இருக்கும்.

முதுகு சாயக்கூடிய தாழ்வான நாற்காலி ஒன்று. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்தவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெளிவார், ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு கூட்டமே பறந்து போகும்.

இவற்றோடு கட்டுக்கம்பி, மரக்கிளைகள் நாலைந்து, அகலமான ஆழமில்லாத தட்டு ஒன்று, மங்கலான நிறத்தில் ஒரு பெரிய துணி. அளவெடுக்கும் டேப்பும் வேண்டும். கண் அளவில் 3 மீட்டர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 4 மீட்டர்.

3. கேமரா இல்லாமல் மூன்று நாள் பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளிருந்தே கவனியுங்கள். குருவிகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன, தரையில் இறங்குவதற்கு முன் எங்கே நிற்கின்றன, எதற்குப் பயந்து எந்தப் புதருக்குள் ஓடுகின்றன.

சிட்டுக்குருவி நேராகத் தீனிக்கு வராது. முதலில் அடர்ந்த புதருக்குள் நின்று சத்தம் போடும். ஒன்று மட்டும் வெளியே ஒரு கொம்புக்கு வரும், கழுத்தை நீட்டிப் பார்க்கும், பிறகு இறங்கும். அதற்கு எதுவும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மற்றவை கொட்டும். அந்த நடுவழிக் கொம்பு இருக்கிறதே, அதுதான் உங்கள் படம். நீங்கள் நடப்போகும் கிளை அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். புதருக்கும் தீனிக்கும் நடுவில் வராத கிளையில் குருவி உட்காராது, நீங்கள் எவ்வளவு அழகான கிளையை நட்டாலும் சரி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று முக்கியம்: வாயில் புழுவோ பூச்சியோ கவ்விக்கொண்டு ஒரே பொந்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறதா? அப்படியென்றால் அங்கே கூடு இருக்கிறது. அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். கூட்டின் முன்னால் ஆள் உட்கார்ந்தால் தாய்ப்பறவை உள்ளே வரத் தயங்கும், குஞ்சுக்குத் தீனி தவறும், பூனைக்கும் காக்கைக்கும் இடம் காட்டிக்கொடுத்தது போலவும் ஆகும். நல்ல படம் அங்கிருந்து கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் கற்பனைதான்.

4. இடம் அமைப்பது: வெயில், பின்னணி, நாற்காலி, கடைசியில் கிளை

புதியவர்கள் கிளையை நட்டுவிட்டு மற்றதை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

முதலில் வெயில். சூரியன் உதித்து முதல் இரண்டு மணி நேரமும், சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் வெளிச்சம் தாழ்வாகவும் மென்மையாகவும் இருக்கும். நீங்கள் எந்த நேரத்தில் உட்காரப் போகிறீர்களோ, அந்த நேரத்தில் உங்கள் நிழல் குருவி உட்காரும் இடத்தை நோக்கி விழ வேண்டும். அப்போதுதான் அதன் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். ஆண் குருவிக்கு இது கட்டாயம். அதன் கண் கறுப்பு; கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள பட்டையும் கறுப்பு. ஒளிப்புள்ளி இல்லாவிட்டால் கண் அந்தக் கறுப்பில் கரைந்து, முகத்தில் கண்ணே இல்லாதது போல் படம் வரும்.

அடுத்தது பின்னணி. கிளை இருக்கும் இடத்துக்குப் பின்னால் குறைந்தது ஐந்தாறு மீட்டர் வெற்றிடம் வேண்டும். 400 மி.மீ. லென்ஸில் எஃப் 6.3 (அபெர்ச்சர் என்னும் லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) வைத்து 3 மீட்டரில் குருவியை எடுக்கிறீர்கள். அதற்கு அரை மீட்டர் பின்னால் உள்ள ஓர் இலை நுனி, குருவியின் அலகைவிடச் சின்ன வட்டமாகத்தான் மங்கும். இலையின் வடிவம் அடையாளம் தெரியும். அதே இலை 6 மீட்டர் பின்னால் இருந்தால் குருவியின் தலையைவிடப் பெரிய வட்டமாகக் கரைந்து வெறும் நிறமாகிவிடும். பின்னணியை மங்கவைக்க அபெர்ச்சரைத் திறந்துகொண்டே போவதைவிட, கிளையைச் செடியிலிருந்து முன்னால் இழுப்பது பல மடங்கு வேலை செய்யும்.

மூன்றாவது உங்கள் நாற்காலி. லென்ஸின் உயரமும் குருவியின் கண் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் பறவையின் முதுகும் தரையும்தான் தெரியும். கிளையை உயர்த்துவது எளிது என்பதால், முதலில் உட்கார்ந்து லென்ஸின் உயரத்தை அளந்துவிட்டு, கிளையை அதற்கேற்ப நடுங்கள்.

இப்போதுதான் கிளை. பட்டை சொரசொரப்பாக, ஒரு விரல் தடிமனில். வழவழப்பான கம்பில் குருவிக்குப் பிடி கிடைக்காது. அதிகத் தடிமனாக இருந்தால் கால் விரல்கள் மறைந்துபோகும். கிளையில் ஒரே ஒரு வசதியான நுனி மட்டும் இருக்கும்படி மற்ற கவைகளை வெட்டிவிடுங்கள். பறவை பெரும்பாலும் உயரமான நுனியைத்தான் தேர்ந்தெடுக்கும். எங்கே உட்காரும் என்று தெரிந்தால் ஃபோகஸ் பாதி முடிந்த மாதிரி. கிளையை லென்ஸுக்குக் குறுக்காக வையுங்கள். உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் பறவையும் உங்களை நோக்கித்தான் உட்காரும். அந்தக் கோணத்தில் என்ன சிக்கல் என்பதை ஃபோகஸ் பகுதியில் சொல்கிறேன்.

ஓடி ஒளிய ஒரு புதர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதைவிட ஒட்டி இருந்தால் பூனை பதுங்க வசதியாகப் போய்விடும்.

5. தீனியும் தண்ணீரும்

தீனியைக் கிளையின் மேல் வைக்காதீர்கள். கிளையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, படத்தில் விழாத இடத்தில் தட்டு இருக்கட்டும். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று குருவிக்கு மட்டும் இடமுள்ள சின்னத் தட்டு. மற்றவை முறைக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும் இடம்தான் உங்கள் கிளை. பெரிய தட்டு வைத்தால் எல்லாம் தட்டிலேயே இறங்கிவிடும், கிளை காலியாகக் கிடக்கும். பலரும் வந்து “எனக்குப் பறவை வருகிறது, ஆனால் கிளையில் உட்காரவில்லை” என்று சொல்வது இதனால்தான்.

சிட்டுக்குருவிக்குத் தினை, கம்பு போன்ற சிறுதானியம் போதும். உப்பு, மசாலா, எண்ணெய் பட்டது எதுவும் வேண்டாம். ரொட்டித் துண்டும் வேண்டாம். வயிறு நிரம்பும், சத்து இல்லை. அதோடு அலகில் ரொட்டிப் பிசிறு ஒட்டிய படத்தை யார் பார்ப்பார்கள்?

தீனியைவிடத் தண்ணீருக்கு இழுவிசை அதிகம் என்பது என் அனுபவம். தட்டின் ஆழம் 3, 4 செ.மீ.க்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். மேலே ஓட்டை போட்ட பாட்டிலைத் தொங்கவிட்டு ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு விழும்படி செய்தால், சத்தமும் அசைவும் தீனிக்கே வராத பறவைகளைக்கூடக் கொண்டுவரும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம்போல ஆகும், அதற்கு வழியே விடக்கூடாது. எச்சம் விழுந்த தீனித் தட்டில் சால்மோனெல்லா பரவி நாலைந்து பறவைகள் ஒன்றாக நோய்ப்படும். ஏதாவது ஒரு குருவி இறகை உப்பவைத்துக்கொண்டு, ஆள் அருகில் போனாலும் பறக்காமல் சோர்ந்து கிடந்தால், இரண்டு வாரம் தீனியையே எடுத்துவிடுங்கள். படம் காத்திருக்கும்.

6. பறவை உங்களுக்குப் பழக வேண்டும்

நாற்காலியை முக்காலியோடு அதே இடத்தில் போட்டு, மேலே அந்தத் துணியைப் போர்த்தி இரண்டு நாள் அப்படியே விடுங்கள், ஆள் இல்லாமல். மூன்றாம் நாள் நீங்கள் போய் உட்காருங்கள், கேமரா இல்லாமல். நான்காம் நாள் கேமராவோடு. ஒரே நாளில் நாற்காலி, துணி, மனிதர், பெரிய கண்ணாடிக் கண் எல்லாம் ஒன்றாக வந்தால் குருவிக்கு அது புது மிருகம்.

பறவை வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அது உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் நடந்து வந்தால் அன்றைய காலை முடிந்தது. கிளம்பும்போதும் அப்படித்தான், கூட்டம் தானாகப் போன பிறகு எழுந்திருங்கள்.

கையைவிட லென்ஸின் முனைதான் அதிகம் பயமுறுத்தும். அதைச் சட்டென்று திருப்பக்கூடாது. கிளையை நோக்கி முன்பே நிலைநிறுத்திவிட்டு, கண்ணை மட்டும் அசையுங்கள். ஷட்டர் சத்தத்துக்கும் பழக்கலாம்: குருவிகள் கொஞ்சம் தள்ளிப் புதரில் இருக்கும்போதே அவ்வப்போது வெறுமனே இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். மூன்று நாளில் அதைக் கண்டுகொள்ளாது.

பயந்த குருவியின் இறகுகள் உடம்போடு ஒட்டி, ஆள் மெலிந்தது போல இருக்கும். கழுத்து நீளும், வால் வெட்டும். அந்த நேரத்தில் எடுக்கும் படத்திலும் அந்தப் பயம் தெரியும். உடம்பை லேசாக உப்பி, அலகால் இறகைக் கோத ஆரம்பித்துவிட்டதா? உங்களை மறந்துவிட்டது என்று பொருள். நான் அதுவரைக்கும் ஷட்டரைத் தொடுவதே இல்லை.

கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கும் குறுக்குவழி வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது சண்டைக்குத் திரியும், குஞ்சு வளர்க்கும் காலத்தில் அது வீண் அலைச்சல்.

7. கேமரா அமைப்பு

மேனுவல் முறையில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் நீங்கள் வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) ஆட்டோவில் விடுங்கள். மேகம் வந்து போகும்போது அதைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

ஷட்டர் 1/1000 வினாடி. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்பார்கள். உடம்புதான் உட்கார்ந்திருக்கிறது, தலை ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். 1/250 வைத்தால் கிளையும் காலும் கூர்மையாக இருக்கும், முகம் மட்டும் கலங்கியிருக்கும். குளியல் என்றால் 1/2000, அப்போதுதான் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும். எழும்பிப் பறக்கும் நொடிக்கு 1/3200.

அபெர்ச்சர் எஃப் 6.3 முதல் 8. நல்ல வெயிலில் இந்த அமைப்புக்கு ஐஎஸ்ஓ 200, 250 பக்கம் வரும், மேகமூட்டத்தில் 1600 பக்கம், மர நிழலில் 3200ஐத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். இரைச்சலை (படத்தில் வரும் புள்ளிப் பொரிவை) பிறகு மென்பொருளில் குறைக்கலாம். கலங்கிய கண்ணை எதுவும் மீட்காது.

வெளிச்சத் திருத்தத்துக்கு ஒரே கேள்வி: படத்தில் பெரும்பங்கு என்ன நிறம்? வானம் பின்னணியானால் கேமரா ஏமாந்து குருவியைக் கறுப்பாக்கும், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். இருண்ட புதர் பின்னணியில் வெயிலில் குருவி இருந்தால், அதன் வெளிறிய கன்னம் வெந்துவிடும், முக்கால் ஸ்டாப் குறையுங்கள். கோப்பு RAW வடிவில் (கேமரா திருத்தாத மூலப் படமாக) இருக்கட்டும்.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வசதிதான். ஆனால் சென்சாரை வரி வரியாகப் படிக்கும் கேமராக்களில் அடிக்கும் சிறகு வளைந்து தெரியும். உட்கார்ந்த பறவைக்குச் சரி, குளியலுக்கும் பறப்பதற்கும் மெக்கானிக்கல் ஷட்டர்.

8. ஃபோகஸ்: இரண்டு சென்டிமீட்டர் விளையாட்டு

ஃபுல் ஃப்ரேமில், 400 மி.மீ., 3 மீட்டர், எஃப் 6.3: கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. எஃப் 8க்குப் போனால் 2.3 செ.மீ. எஃப் 11லும் 3 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குருவியின் கண்ணிலிருந்து அலகு நுனி வரைக்கும் உள்ள தூரமே ஏறக்குறைய 2 செ.மீ. ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி என்று அந்த ஆழம் பிரியும். அதனால் குருவி உங்களை நேராகப் பார்த்தால், கண் கூர்மையாக இருக்கும்போது அலகு மங்கிவிடும். பக்கவாட்டில், அல்லது தலையைக் கொஞ்சமே உங்கள் பக்கம் திருப்பியிருக்கும்போது கண், அலகு, தோள் மூன்றும் ஒரே தளத்தில் விழும். கிளையைக் குறுக்காக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தொடர் ஃபோகஸில் (பறவை அசைந்தாலும் விடாமல் பின்தொடரும் முறையில்) வையுங்கள். லென்ஸில் தூர வரம்புப் பொத்தான் இருந்தால் கிட்டத் தூரத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஃபோகஸ் பின்னணிக்கு ஓடித் தொலைந்துபோகாது. பறவை வருவதற்கு முன்பே கிளை நுனியில் ஒருமுறை ஃபோகஸ் செய்து வையுங்கள்.

பறவைக் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் கேமராவானாலும் ஆண் குருவியிடம் அடிக்கடி ஏமாறும். கறுப்புக்குள் கறுப்புக் கண். பக்கத்திலேயே வெள்ளைக் கன்னத்துக்கும் தொண்டைக் கறுப்புக்கும் நடுவே பளிச்சென்று ஒரு கோடு. ஃபோகஸ் அந்தக் கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் சின்னக் கட்டம் கண்மேல் இருப்பதாகக் காட்டும், பெரிதாக்கிப் பார்த்தால் மார்புதான் கூர்மை. இப்படி இரண்டு முறை நடந்தால் தயங்காமல் ஒற்றைப் புள்ளிக்கு மாறி, நீங்களே கண்மேல் வையுங்கள். பெண் குருவிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் கண்ணுக்குப் பின்னால் வெளிறிய பட்டை இருப்பதால் கண் தனித்துத் தெரியும். பழகுவதற்குப் பெண் குருவியிலிருந்து தொடங்கலாம்.

9. அழுத்தும் நொடி

குருவி வந்து உட்கார்ந்த உடனே அழுத்தாதீர்கள். முதல் இரண்டு வினாடி அது சுற்றிப் பார்க்கும், கழுத்து நீண்டிருக்கும். அப்போதே ஷட்டர் சடசடத்தால் ஓடிவிடும். அது இறகைத் தளர்த்தும் வரை பொறுங்கள். பிறகு, தலை உங்கள் பக்கம் துளி திரும்பும்போது நாலைந்து படங்களாகச் சிறு தொடர்.

ஒற்றைப் படம் ஏன் போதாது என்றால், பறவைக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் சவ்வு. கண்ணின் மூக்குப் பக்கத்திலிருந்து குறுக்கே ஓடித் துடைத்துவிட்டுத் திரும்பும். நம் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். அந்த நொடியில் எடுத்த படத்தில் கண் பால் படர்ந்தது போல் இருக்கும். மற்ற எல்லாம் அருமையாக அமைந்த படம் அந்த ஒன்றால் வீணாகும். அடுத்தடுத்து நான்கு எடுத்தால் ஒன்றிலாவது கண் தெளிந்திருக்கும்.

வாலையும் காலையும் வெட்டிவிடாமல் பாருங்கள். முகம் மட்டும் வேண்டுமென்றால் தைரியமாக மார்போடு வெட்டுங்கள். வால் நுனி மட்டும் வெளியே போன படம் கவனக்குறைவு போல் தெரியும்.

எடுத்த படத்தை உடனே திரையில் பார்க்கும் பழக்கத்தை அடக்கிக்கொள்ளுங்கள். தலையைக் குனிந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு ஆண் குருவிகள் அலகோடு அலகு சண்டை போட்டுவிட்டுப் போவதை, பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கேமரா வைத்திருந்தவர் நிமிர்ந்தபோது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

10. ஜன்னல் வழியாக எடுப்பவர்களுக்கு

அறைக்குள் விளக்கை அணையுங்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, லென்ஸ் ஹூடை (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு வளையத்தை) கண்ணாடியில் ஏறக்குறைய ஒட்டி, நேர்க்குத்தாக வையுங்கள். சாய்வாக வைத்தால் கண்ணாடியின் தடிமன் படத்தைக் கெடுக்கும். திறந்த ஜன்னல் நல்லதுதானே என்றால், உள்ளேயும் வெளியேயும் வெப்பம் வேறாக இருக்கும் நேரத்தில் நடுவில் காற்று நெளிந்து படம் மொத்தமும் மங்கும்.

தீனித் தட்டு கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது 10 மீட்டருக்கு அப்பால். நடுத்தரத் தூரத்தில்தான் பறவை முழு வேகம் பிடித்துக் கண்ணாடியில் மோதிச் சாகும்.

11. நீளமான லென்ஸே இல்லை என்றால்

கைபேசியைக் கிளைக்கு 40 செ.மீ. தள்ளிச் சின்ன முக்காலியில் நிறுத்தி, ப்ளூடூத் பொத்தானால் தூரத்திலிருந்து எடுக்கலாம். அதே அளவுள்ள ஒரு மரக்கட்டையை மூன்று நாள் அங்கே வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு அதை எடுத்துவிட்டுக் கைபேசியை வையுங்கள். அசையாத பொருளைக் குருவி சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் கிளை நுனியில் பூட்டிவிடுவது முக்கியம்.

12. தோற்ற படத்தைப் படிப்பது

“படம் தெளிவாக இல்லை” என்பதில் நான்கு வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வேறு வேறு. பெரிதாக்கிப் பாருங்கள். கிளையின் பட்டையோ வாலோ கூர்மையாக இருந்து முகம் மங்கலானால், ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது. கால் கூர்மை, முகம் மட்டும் இரட்டையாக இழுத்திருந்தால் பறவை அசைந்திருக்கிறது, ஷட்டரைக் கூட்ட வேண்டும். கிளை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுத்திருந்தால் உங்கள் கை. எல்லாம் சீராக மங்கி, அடுத்தடுத்த படங்களில் மங்கலின் அளவு மாறிக்கொண்டே இருந்தால் வெப்பக் காற்று. உச்சி வெயிலில் சிமெண்டுத் தரைக்கு மேல் எடுத்தால் 4 மீட்டரிலேயே இது வரும். லென்ஸைக் குற்றம் சொல்லும் முன் காலை ஏழு மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கூர்மை சரி, ஆனால் படம் ஏதோ தட்டையாக இருக்கிறது என்றால் பின்னணியைப் பாருங்கள். குருவியின் தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சக் குச்சி ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் போய்விடும்.

13. தேர்வும் திருத்தமும்

கண் கூர்மையில்லாதவற்றை முதலில் நீக்குங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். அடுத்துச் சவ்வு மூடியவை, பிறகு தலை அந்தப் பக்கம் திரும்பியவை. முந்நூறு படத்தில் பத்து மிஞ்சினால் நல்ல காலை.

திருத்தத்தில் முதலில் இரைச்சல் நீக்கம், பிறகு வெளிச்சம், கடைசியில் கூர்மை. கூர்மையைக் கண், அலகு, முக இறகுகளுக்கு மட்டும் கொடுங்கள். பின்னணிக்கும் சேர்த்துக் கொடுத்தால் அடங்கியிருந்த இரைச்சல் மறுபடி எழும்பும். கறுப்புத் தொண்டையின் நிழலை அளவுக்கு மீறித் தூக்காதீர்கள், சாம்பலாகிவிடும்.

அந்தத் தொண்டையை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால், புது இறகு முளைத்த ஆண் குருவியில் கறுப்பின் மேல் வெளிறிய விளிம்புகள் மூடியிருக்கும். மாதங்கள் போகப் போக அந்த விளிம்புகள் தேய்ந்து உதிர்ந்து, இனப்பெருக்கக் காலம் வரும்போது உள்ளே இருந்த கறுப்பு முழுதாக வெளியே வரும். அதே காலத்தில் அலகும் கறுக்கும். ஒரே கிளையில் மாதம் ஒரு படம் எடுத்து வரிசையாக வைத்தீர்களானால் இந்த மாற்றம் அப்படியே தெரியும். அதற்கு ஒவ்வொரு முறையும் கிளை, நாற்காலி, நேரம் மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். அதனால் நாற்காலிக் கால் இருந்த இடத்தில் நான்கு கற்களைப் பதித்து வைத்துவிடுங்கள்.